சூடு ஆறும்வரை

“வண்டி சூடா இருந்தா ஸ்டார்ட் ஆகாது.”

“ஆறினா?”

“ஆறினா முதல் திருப்புலயே ஆயிடும்.”

“எங்க முதலாளி மாதிரி. கோபமா இருக்கும்போது என்ன கேட்டாலும் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அரை மணி நேரம் யாரும் கிட்டப் போகாம இருந்தா தானா வந்து பேசுவார்.”

இதைச் சொன்னபோது அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பெண் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, ஏதோ பெட்டியைத் தேடி ஏணியில் ஏறிவிட்டாள். டிரைவிங் மாஸ்டருக்குச் சிரிப்பு வந்ததே கடையை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான். அப்போது யாரிடம் போய்ச் சிரிப்பது?

அந்தப் பேச்சை அவர் எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டார். நடுத்தெருவில் கார் நின்றுபோகும்போதெல்லாம் அது தானாக வந்துவிடும். இப்போதும் வந்தது. ஏனென்றால் கார் இப்போதும் நடுத்தெருவில்தான் நின்றது. முன்னால் சிவப்பு ‘எல்’ எழுத்துப் பலகை, பின்னால் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும் வேன்.

“மாஸ்டர், நான் ஒண்ணுமே பண்ணலை. கிளட்சை விட்டேன், அவ்வளவுதான்” என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தையல்காரர்.

“மெதுவா விடணும்னு சொன்னேனே அண்ணே.”

“நான் மெதுவாத்தான் விட்டேன். அதுக்குத்தான் அவசரம்.”

தையல்காரர் மேல் குற்றமில்லை. வாழ்நாள் முழுவதும் மிஷினை மிதித்த கால்கள் அவருடையவை. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் எதைக் கொடுத்தாலும் ஒரே தாளத்தில் மிதிப்பார். பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து, கண் மங்குவதற்குள் ஒரு தடவையாவது காரோட்டிவிட வேண்டும் என்று இறங்கியிருக்கிறார்.

இரண்டு பேரும் இறங்கித் தள்ளினார்கள். ஓரத்தில் நிறுத்திவிட்டு, மதில் நிழலில் உட்கார்ந்து இஞ்சின் ஆறுவதற்காகக் காத்திருந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் பாடத்தில் பாதி நேரம் இப்போதெல்லாம் இப்படித்தான் போயிற்று.

“மெக்கானிக் கிட்டக் காட்டலாமே?”

“காட்டினேன். அங்க போய்ச் சேர்ந்ததும் அவர், ‘இருங்க, இந்த வேலையை முடிச்சிட்டு வர்றேன்’ம்பார். முடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஆறிடும். சாவியைத் திருப்பினா பட்டுனு ஸ்டார்ட் ஆகும். என்னை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்க, எனக்குத்தான் ஏதோ கோளாறுங்கற மாதிரி.”

“டாக்டர் ரூமுக்குள்ள போனதும் பல்வலி நின்னுடுமே, அப்படி.”

“அப்படியேதான்.”

அந்த டிரைவிங் ஸ்கூல், மாஸ்டருடைய அக்காவுடையது. ஒரே ஒரு அறை. சுவரில் சாலைக் குறிகள் அச்சிட்ட பெரிய தாள், மேஜை மேல் டெலிபோன், அதற்குப் பின்னால் அக்கா. இருப்பது ஒரே கார். கணக்கு, கட்டணம், சண்டை எல்லாம் அக்கா பார்த்துக்கொள்வாள். கற்றுக்கொடுப்பது தம்பி. நாற்பதைத் தாண்டிவிட்ட தம்பிக்குக் கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து அவள் ஓய்ந்துபோய், அந்த வேகத்தை எல்லாம் இப்போது காரின் மேல் திருப்பியிருந்தாள்.

“பேட்டரியை மாத்துடா” என்றாள் முதல் நாளே.

“பேட்டரி நல்லா இருக்குக்கா. சாவியைத் திருப்பினா இஞ்சின் கர்ரு கர்ருன்னு சுத்துது. சுத்துறதுக்குக் குறைவில்லை. பிடிக்கத்தான் மாட்டேங்குது.”

“உன்னை மாதிரி.”

அக்கா வேறெதையோ நினைத்துச் சொன்னாள். ஆனால் அது சரியான இடத்தில் போய்க் குத்தியது.

இஞ்சின் சுற்றினால் போதாது. அதற்குப் பெட்ரோல் வர வேண்டும், பொறி பறக்க வேண்டும். சூடானதும் இந்த இரண்டில் ஏதோ ஒன்று நின்றுபோகிறது. எது என்று கண்டுபிடிக்கத்தான் மாஸ்டர் முதன்முதலாக அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் போனார். நீளமான, குறுகலான கடை. கூரையிலிருந்து ஃபேன் பெல்ட்டுகள் தொங்கும். ரப்பரும் கிரீஸும் கலந்த வாசனை. கண்ணாடிக் கவுன்ட்டருக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் அவள். கொண்டையில் பேனாவைச் செருகி வைத்துக்கொண்டு, அதையே தேடிக்கொண்டிருப்பாள்.

அவள் டாக்டர் மாதிரி கேள்வி கேட்டாள். எவ்வளவு தூரம் ஓடின பிறகு நிற்குது? ஓடும்போதே நிற்குதா, அணைச்ச பிறகு எடுக்க மாட்டேங்குதா? பெட்ரோல் வாசனை வருதா? கேட்டுவிட்டு, ஒரு காயிலை எடுத்து வைத்தாள்.

“பொறி கொடுக்கிற காயில். சூடானா உள்ளே கம்பி விட்டுப்போகும். போட்டுப் பாருங்க. சரியாகலைன்னா திருப்பிக் கொண்டு வாங்க, எடுத்துக்கறேன்.”

சரியாகவில்லை. மாஸ்டர் காயிலை மாற்றும்போது இரண்டு ஒயரை இடம் மாற்றிச் செருகிவிட்டார். சாவியைத் திருப்பியதும் கார் புகைக்குழாய் வழியாக வெடி வைத்தது போல் ஒரு தும்மல் தும்மியது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த கல்லூரிப் பெண் கதவைத் திறந்துகொண்டு ஓடினவள்தான், மறுநாள் போன் செய்து தனக்கு சைக்கிளே போதும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

மாஸ்டர் காயிலைத் திருப்பிக் கொண்டுபோனார். அவள் அதை வாங்கி, துணியால் துடைத்து, பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள்.

“அடுத்தது ரிலே” என்றாள். “பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் கொடுக்கிற சின்ன டப்பா.”

ரிலேயை மாட்டும்போது பக்கத்திலிருந்த ஹாரன் ரிலேயின் கால் ஒடிந்தது. கார் பழையபடி சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை. புதிதாக ஹாரனும் அடிக்கவில்லை. வேறு ஹாரன் ரிலே வரும்வரை, பழகுகிறவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “ஓரம் போங்க! ஓரம் போங்க!” என்று கத்திக்கொண்டே ஓட்டினார்கள். தையல்காரருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. தெருவே அவரைத் திரும்பிப் பார்த்தது.

ரிலேயும் திரும்பிப் போனது. அதன் பிறகு இஞ்சின் சூட்டை அளக்கும் சென்சார் வந்தது. அதைக் கழற்றும்போது ரேடியேட்டர் தண்ணீர் மாஸ்டரின் சட்டையில் கொட்டியது. மாட்டிய பிறகு ஃபேன் இரவும் பகலும் ஓடி, நன்றாக இருந்த பேட்டரியையும் தீர்த்தது.

“நான் அன்னைக்கே சொன்னேன், பேட்டரின்னு” என்றாள் அக்கா.

ஒவ்வொரு தடவையும் கடையில் மாஸ்டர் நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போயிற்று. சட்டையில் துரு நிறத்தில் படிந்திருந்த கறையைப் பார்த்து, “ரேடியேட்டர் தண்ணியா? எலுமிச்சம்பழம் தேய்ங்க” என்றாள் ஒருநாள். இன்னொரு நாள், “ஒரு காரை முழுசாப் பிரிச்சுக் கொட்டினாலும் எது எதுன்னு பேர் சொல்லிடுவேன். ஆனா ஒரு அடி ஓட்டத் தெரியாது” என்றாள். ‘நான் கத்துத் தரட்டுமா?’ என்று ஒரு சின்னக் குழந்தைகூடக் கேட்டிருக்கும். மாஸ்டர், “ஆமா, ஓட்டறது வேற” என்று சொல்லிவிட்டு வந்தார். வழியெல்லாம் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

அவர் பேசத் தெரியாதவர் இல்லை. முன்பின் தெரியாதவர்களோடு நாள் முழுக்க ஒரு காருக்குள் உட்கார்ந்து பேசுவதுதான் அவர் தொழில். முதல் நாள் அவளோடும் சரளமாகத்தான் பேசினார். மனசு சூடாக ஆரம்பித்த பிறகுதான் வாய் ஸ்டார்ட் ஆக மறுத்தது.

கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்பதற்கு அவர் அந்தக் கடைக்குப் போக வேண்டும். கடைக்குப் போவதற்குக் கையில் ஒரு சாமான் வேண்டும். சாமான் இருப்பதற்குக் கார் கெட்டுப்போயிருக்க வேண்டும். கார் சரியாகிவிட்டால்? அந்த நினைப்பு வரும்போது மட்டும் அவர் ரேடியோவைப் போட்டுக்கொள்வார்.

ஆனால் பாடம் நடக்க வேண்டுமே. மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச் உண்டு. பழகுகிறவர் தப்பாக விடும்போதெல்லாம் அவர் சத்தமில்லாமல் தன் பக்கத்து கிளட்சை மிதித்துவிடுவார். இஞ்சின் அணையாது. அணையாவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யும் பிரச்சினையே இல்லை. காலையில் எடுத்தால் மாலையில்தான் அணைப்பது.

அருமையாக நடந்தது. தையல்காரர் மேடு, பள்ளம், வளைவு எல்லாவற்றிலும் வழுக்கிக்கொண்டு போனார். “கைவசமாயிடுச்சு மாஸ்டர்!” என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் கையசைத்தார். அக்கா சந்தோஷமாக அவரை டெஸ்ட்டுக்கு அனுப்பினாள்.

டெஸ்ட்டில் மாஸ்டரின் இருக்கையில் லைசென்ஸ் ஆபீசர் உட்கார்ந்தார். மாஸ்டர் வெளியே மரத்தடியில் நின்றார். தையல்காரர் அவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு கிளட்சை விட்டார். கார் தவளை மாதிரி ஒரு தாவு தாவி அணைந்தது.

“பரவாயில்லை, மறுபடி எடுங்க” என்றார் ஆபீசர்.

எடுத்தால்தானே? வீட்டிலிருந்து ஓடி வந்த சூடு. கர்ரு கர்ரு என்று சுற்றியது. ஆபீசர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தார். அப்புறம் கதவைத் திறந்து இறங்கி, “அடுத்த மாசம் பார்க்கலாம். வேற வண்டியா இருந்தா இன்னும் நல்லது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“நான் இத்தனை நாளா நல்லாத்தானே ஓட்டினேன் மாஸ்டர்?” தையல்காரரின் குரல் உடைந்திருந்தது.

மாஸ்டரால் பொய் சொல்ல முடியவில்லை. “நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தீங்க அண்ணே. ஓட்டினது நான்.”

அன்று சாயங்காலம் அக்கா டெலிபோனைக் கீழே எடுத்து வைத்துவிட்டுப் பேசினாள். அது அவள் பெரிய விஷயங்களுக்கு மட்டும் செய்வது.

“அடுத்த டெஸ்ட்டுக்குள்ள இந்த வண்டி சரியாகணும். இல்லைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். உன்னையும் சேர்த்துப் போட்டாலும் போடுவேன்.”

“என்னைப் போட்டா எடை ஒண்ணும் தேறாதுக்கா.”

“சிரிக்காதடா. எப்பப் பார்த்தாலும் அந்தக் கடையே கதின்னு கிடக்கறே. கடை முதலாளிகூட அவ்வளவு நேரம் கடையில இருக்கறதில்லை. போய்ப் போய் என்ன கிழிச்சே?”

ஒன்றும் கிழிக்கவில்லை என்பதுதான் உண்மை. மாஸ்டர் டெலிபோனை எடுத்து மறுபடி மேஜை மேல் வைத்தார்.

நோயைக் கண்டுபிடித்தது கடைசியில் தையல்காரர்தான். அதுவும் கைதவறி. மறுநாள் வெயிலில் கார் நின்றுவிட, பானட்டைத் திறந்து இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் முகம் கழுவுவதற்காகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். பாட்டில் நழுவி இஞ்சினுக்கும் பின்னாலிருந்த தகட்டுக்கும் நடுவில் விழுந்து, அடிப்பக்கமாகக் கவிழ்ந்தது. புஸ்ஸென்று ஆவி எழுந்தது.

“ஐயையோ! செத்துடுச்சா?”

“இருங்க, பார்ப்போம்.”

மாஸ்டர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

தையல்காரர் கைதட்டினார். மாஸ்டர் தட்டவில்லை. மறுபடியும் ஓட்டி, சூடாக்கி, அணைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை. காயில் மேல் ஈரத்துணி போட்டார். எடுக்கவில்லை. பம்ப் மேல் போட்டார். எடுக்கவில்லை. பாட்டில் கவிழ்ந்த இடத்தைத் தேடிப் பிடித்து அங்கே தண்ணீர் விட்டார். எடுத்தது. அங்கே இருந்தது கட்டைவிரல் அளவு ஒரு சாமான்: கிராங்க் சென்சார். ‘இஞ்சின் சுற்றுகிறது’ என்று காருக்குச் சொல்ல வேண்டியது அதுதான். சூடானதும் அது ஊமையாகிவிடும். அது சொல்லாவிட்டால் பொறியும் வராது, பெட்ரோலும் வராது.

“கண்டுபிடிச்சிட்டோம் மாஸ்டர்! ஏன் முகம் இப்படிப் போகுது?”

“வெயில் அண்ணே.”

அன்று அவர் நேராகக் கடைக்குப் போகவில்லை. தெருக்கோடியில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு தப்பான சாமானை வாங்கலாம். அதைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு தடவை வரலாம். ஆனால் தையல்காரரின் உடைந்த குரல் காதிலேயே இருந்தது. ஒரு மனிதரின் ஆசையைப் பணயம் வைத்துத் தன் ஆசையை எத்தனை நாள் ஓட்டுவது? கடைசித் தடவையாகப் போகிறோம், போய்க் கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்துகொண்டு இறங்கினார்.

“கிராங்க் சென்சார் வேணும்.”

வழக்கமாக அவள் ஏணியில் ஏறித் தேடுவாள். அன்று ஏறவில்லை. கவுன்ட்டருக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“இதைப் போட்டா சரியாயிடும்” என்றாள்.

“தெரியும்.”

“அப்ப திருப்பிக் கொண்டு வர வேண்டியிருக்காது.”

“இருக்காது.”

பின்னால் ஒருவர் பிரேக் ஷூ கேட்டுக்கொண்டே இருந்தார். மாஸ்டர் வாயைத் திறந்தார். உள்ளே எல்லாம் கர்ரு கர்ரு என்று சுற்றியது.

“பை வேண்டாம். பாக்கெட்டுலயே வச்சிக்கறேன்” என்றார்.

அவள் பெட்டியைக் கொடுத்துவிட்டு, கொண்டையில் இருந்த பேனாவைத் தேட ஆரம்பித்தாள்.

கார் சரியாகிவிட்டது. உச்சிவெயிலில் அணைத்து, உச்சிவெயிலிலேயே எடுக்கலாம். மாஸ்டர் தன் பக்கத்து கிளட்சிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். தையல்காரர் உண்மையாகவே ஓட்டக் கற்றுக்கொண்டார். முதலில் தவளை மாதிரி, பிறகு ஆமை மாதிரி, பிறகு கார் மாதிரி. அக்கா காருக்குப் புதிய உறை தைக்கச் சொல்லி அவரிடமே துணி கொடுத்தாள்.

மாஸ்டர் மட்டும் இளைத்துக்கொண்டே போனார்.

“வண்டிக்கு உடம்பு தேறினதிலிருந்து உங்களுக்கு உடம்பு சரியில்லையே மாஸ்டர்” என்றார் தையல்காரர் ஒருநாள், ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைத் தெரு வந்ததும், “இங்க நிறுத்துங்க” என்றார் மாஸ்டர். இறங்கி, பானட்டைத் திறந்து, உள்ளே கைவிட்டு ஒரு சின்னக் கறுப்பு டப்பாவை வெடுக்கென்று பிடுங்கினார்.

“மாஸ்டர்! நல்லா இருக்கற சட்டையில எதுக்குப் பட்டனை அறுக்கறீங்க?”

“ஒரு சின்ன சந்தேகம் அண்ணே. வண்டியில இருங்க.”

கடையில் உயர ஸ்டூல் காலியாக இருந்தது. பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர், “மேடம் லீவு. அம்மாவுக்கு முழங்கால் வலி. அவசரம்னா வீட்டுல போய்ப் பாருங்க, பின்தெருவுல, சலவைக் கடை மாடி” என்றார்.

அவசரமா? மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். அவசரம்தான்.

மாடிப்படி குறுகல். ஏறும்போதே கேள்வியை ஒத்திகை பார்த்துக்கொண்டார். கதவைத் தட்டியதும் அதில் பாதி மறந்துபோயிற்று. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவள் திறந்தபோது மீதியும் போயிற்று.

“மாஸ்டர்! என்ன, மறுபடியும் ஸ்டார்ட் ஆகலையா?”

“இல்ல. இது... திருப்பிக் கொடுக்கலாம்னு.”

அவள் டப்பாவை வாங்கிக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது எங்க கடையில வாங்கினது இல்லையே. வண்டியோட வந்தது. நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. இப்பத்தான் கழட்டினேன்.”

“எதுக்கு?”

கடைத் தெருவிலிருந்து, “மாஸ்டர்! இங்க நிறுத்தக் கூடாதாம், போலீஸ்காரர் சொல்றாரு!” என்று தையல்காரர் கத்துவது கேட்டது. மாஸ்டர் திரும்பவில்லை. இப்போது திரும்பினால் ஆயுசுக்கும் ஸ்டார்ட் ஆகாது என்று அவருக்குத் தெரிந்தது.

“வேற எதை எடுத்துக்கிட்டு உங்களைப் பார்க்க வர்றதுன்னு தெரியலை” என்றார். “என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?”

அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். காது மடல்கள் சிவந்திருந்தன. உள்ளே கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாதான் பொறுமையிழந்து கத்தினாள்.

“சரின்னு சொல்லித் தொலைடி! பிரிச்ச சாமானைக் கடையில திருப்பி எடுக்க மாட்டாங்கன்னு, அவர் கொண்டாந்ததையெல்லாம் உன் சம்பளத்துல நீயே வாங்கி என் கட்டிலுக்கு அடியில அடுக்கி வச்சிருக்கே. வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுன்னு நானும் எத்தனை மாசமாக் கெஞ்சறேன்!”